பூட்டுக்காரி வைத்த பனி

அவள் செருப்பைக் கழற்றும்போதே கூடத்துக் கம்ப்யூட்டர் திரை கண்ணில் பட்டது. அதில் தெரிந்த ஊருக்குள் பனி இறங்கியிருந்தது.

அவள் கணவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டுப் போட்ட இடது கால் எதிரே ஒரு முக்காலியில், தலையணை மேல், வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி உபசாரத்தோடு கிடந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து அவர் தோளில் விழுந்திருந்தது. முகத்தில் மட்டும் திரையின் சாம்பல் வெளிச்சம்.

“வந்துட்டியா? இங்க வந்து பாரேன். காலையில ஆத்து ஓரமா கொஞ்சம்தான் இருந்துச்சு. இப்ப தெருவுக்கே வந்துடுச்சு. எவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்க உங்க ஆபீஸ்ல!”

அவள் பார்த்தாள். ஆற்றுப் பக்கமிருந்து சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பனி ஏறிக்கொண்டிருந்தது. கூரைகளின் விளிம்பு கரைந்து, விளக்குக் கம்பம் பாதியாகி, மணிக்கூண்டின் உச்சி மட்டும் எதிலும் ஒட்டாமல் மிதந்தது. அந்த மங்கலுக்குள் கையில் ஒரு குடையோடு ஒரு சின்ன மனிதன் நின்றுகொண்டிருந்தான். அவன்தான் அவர்.

“நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். நன்றாக இல்லாமல் என்ன செய்யும்? அந்தப் பனியின் ஒவ்வொரு புள்ளியையும் எழுதியவள் அவள்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்களின் ஊரில் பனியே கிடையாது. அங்கே எந்நேரமும் இளவெயில்தான். பனி, திருடர்களுக்காக வைத்தது.

வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு விளையாட்டு எழுதி விற்கும் ஒரு சின்ன ஆபீசில் அவளுக்கு வேலை. டயர் கடைக்கு மேல் மூன்று அறை. ரப்பர் வாசனைக்கு நடுவே ஒருவர் படம் வரைவார், ஒரு பெண் இசை போடுவாள், இரண்டு பேர் விளையாட்டை எழுதுவார்கள். எல்லாம் முடிந்தபிறகு அவள் பூட்டுப் போடுவாள். ஒருவர் டிஸ்க் வாங்கி ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தால் ஆபீசில் யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆகவே நகலெடுத்தாலும் உதவாதபடி செய்வது அவள் பொறுப்பு. அங்கே அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூட்டுக்காரி என்றால் அவள்தான்.

அவளுடைய பூட்டின் சூட்சுமம் இதுதான். டிஸ்க் அச்சாகும் இடத்திலேயே, வேண்டுமென்றே, அதில் ஒரு மூலையைக் கெடுத்து வைப்பார்கள். நகலெடுக்கும் புரோகிராம்களோ பெரிய சுத்தக்காரப் பிறவிகள். கெட்டதைக் கண்டால் சரிசெய்துதான் மறுபக்கம் எழுதும். விளையாட்டு நடுநடுவே போய் அந்த மூலையைத் தொட்டுப் பார்க்கும். காயம் இருந்தால் அசல். வழவழவென்று இருந்தால் நகல்.

இதுவரை எல்லோரும் செய்வதுதான். நகல் என்று தெரிந்தபிறகு என்ன செய்வது என்பதில்தான் அவள் கை தெரியும். மற்றவர்களின் விளையாட்டுகள் ‘திருடா’ என்று திரையில் கத்திவிட்டு நின்றுவிடும். கத்திய இடத்தைப் பார்த்துத் திருடன் பூட்டைக் கண்டுபிடித்து உடைத்துவிடுவான். அவளுடையது கத்தாது. முதலில் மெல்லப் பனி இறங்கும். பிறகு கதவுகள் திறக்காது. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள். கடைசியில், அக்கரைக்குக் கூட்டிப்போக வேண்டிய படகு வரவே வராது. தூரத்தில் மணி மட்டும் கேட்கும். தான் தண்டிக்கப்படுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியக் கூடாது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அந்த வேலை.

அதில் இரண்டு கண்டிப்புகளும் வைத்திருந்தாள். விளையாட்டு தொடங்கியதும் கம்ப்யூட்டரில் வேறு எந்தப் புரோகிராமும் உயிரோடு இருக்கக் கூடாது. பக்கத்தில் ஒன்று இருந்தால் அது எட்டிப் பார்க்கும், எட்டிப் பார்த்தால் பூட்டு தெரிந்துவிடும். ஒரு உறையில் இரண்டு கத்தி எதற்கு? கம்ப்யூட்டர் என்னும் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டிய புரோகிராமையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்ளும் அவளுடைய விளையாட்டு. வெளியே வர வேண்டுமென்றால் சுவிட்சை அணைக்க வேண்டியதுதான். பனி இறங்கியபிறகு அணைத்தால், அதுவரை நடந்த நடையெல்லாம் போனது போனதுதான்.

இன்னொன்று, மன்னிப்பு கிடையாது. இதைப் பற்றி முதலாளியே கேட்டார். “தூசி கீசி பட்டு அசல் டிஸ்க்கே ஒரு தடவை சரியா படிக்காமப் போயிட்டா என்னம்மா பண்றது? மறுபடி பார்த்து, சரியா இருந்தா விட்டுடலாமே?”

“ஒரு தடவை சந்தேகம் வந்தா வந்ததுதான் சார். திரும்பத் திரும்பப் பார்த்து மன்னிச்சுக்கிட்டிருந்தா அதுக்குப் பேரு பூட்டு இல்ல, திரைச்சீலை,” என்றாள் அவள். ஆபீசே சிரித்தது. அந்தப் பதிலில் அவளுக்கு ரொம்ப நாள் பெருமை இருந்தது.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே எப்படி நகல் வந்தது என்றால், அதற்குக் காரணமும் அவள்தான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டுக் குழிக்குள் இறங்கும்போது கால் வழுக்கி எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்துவரும் நாளில், பாவம் பொழுது போக ஏதாவது வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. பூட்டுப் போடாத பழைய டிஸ்க் ஒன்று அவள் மேஜை இழுப்பறையில் இருந்தது. அதை நகலெடுத்துக்கொண்டு ஓடினாள். எடுத்தது அதை இல்லை, பூட்டுப் போட்டதை. இரண்டிலும் அவள் கையெழுத்துதான், இரண்டும் ஒரே உறையில்தான். தான் வைத்த பொறியில் தானே கையை விட்டாள்.

முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒரு பெட்டியே எடுத்துக் கொடுத்திருப்பார். அவள் கேட்கவில்லை. கணவருக்கென்று ஒன்றைப் போய்க் கேட்பது என்கிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போய்ப் பல நாள் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். ‘அது தப்பான டிஸ்க்குங்க, வேற கொண்டுவரேன்’ என்றால் முடிந்தது. சமையலறையில் குழாயை மூடிவிட்டுச் சொல்லத்தான் திரும்பினாள். அவர் திரைக்குள் குனிந்து, “மெதுவா, மெதுவா,” என்று தன் சின்ன மனிதனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சொல்லாமல் விட்டது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கனத்துக்கொண்டே போனது.

அதன்பிறகு அவள் வீடு திரும்பும்போதெல்லாம் அவர் அந்த ஊர்ச் செய்தி சொன்னார். ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்தவர் மாதிரி சொன்னார்.

“ரொட்டிக்கடைக்காரி இன்னைக்குப் பேசல. தலையை மட்டும் ஆட்டினா. நேத்து வரைக்கும் என்னமா பேசுனா தெரியுமா! நீலக் கதவு வீட்ல குடையைக் கொண்டுபோய்க் கொடுக்கணும். தட்டினேன். உள்ள விளக்கு எரியுது, ஆள் நடமாட்டம் தெரியுது. கதவு மட்டும் திறக்க மாட்டேங்குது.”

“விட்டுடுங்களேன். ரேடியோ கேளுங்க.”

“இல்ல, லிஃப்ட்டுல கதவு திறக்கலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். கோவிச்சுக்கிட்டுச் சாத்திக்கிட்ட லிஃப்ட்டு ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல. தேடினா கிடைச்சுடும்.” அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். “நான்தான் எதையோ மறந்துட்டேன் போல. முதல்லேருந்து யோசிச்சுப் பார்க்கிறேன்.”

அவர் யோசித்தார். மதியங்களில் அந்த ஊரின் ஒவ்வொரு சந்திலும் திரும்ப நடந்தார். திறக்காத கதவுகளுக்கு முன்னால் ஆளுக்கொரு ரொட்டி வைத்துவிட்டு வந்தார். யாருக்கும் குறுக்கே போகாமல் ஓரமாக நடந்தார். விளையாட்டில் இப்படியெல்லாம் செய்ய முடியும் என்பதே அவளுக்குத் தெரியாது. திருடனுக்காகக் கட்டிய ஊரில் இப்படி ஒரு சாது வந்து குடியேறுவார் என்று யார் கண்டது?

ராத்திரிகூட அவர் மெஷினை அணைக்கவில்லை. திரையை மட்டும் மங்கலாக்கிவிட்டுப் படுத்தார். அவளுக்கோ தலைக்கு மேல் வேலை. புது விளையாட்டுக்குப் புதுப் பூட்டு முடிக்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்து எழுதலாம் என்றால் மெஷின் ஒன்றே ஒன்றுதான், அதில் ஓடுவதும் ஒன்றே ஒன்றுதான். “கொஞ்ச நேரம் அணைச்சுக்கட்டுமா?” என்று கேட்டாள். அவர் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “படகுத்துறை வரைக்கும் வந்துட்டேன்மா. மணிச் சத்தம் கேக்குது. இப்ப அணைச்சா எல்லாம் போயிடுமே,” என்றார். அவள் ஆபீசிலேயே இருந்து வேலையை முடித்துக்கொள்வதாகச் சொன்னாள். உள்ளபடி சொன்னால், அங்கேயே இருக்க ஒரு சாக்கு கிடைத்தது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை நாத்தனார் வந்தாள். பெரிய பாத்திரத்தில் சூப்பும், அதைவிடப் பெரிய வாயுமாக வந்தாள். தம்பி உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

“ஏன்டா, ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் மேல ஏத்தி இறக்கினவன், ஒரு பொம்மைப் படகுக்கா வாயைப் பொளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே?”

“வரும்க்கா. மணி அடிக்குது பாரு.”

“அடிக்குது, வரல. அப்ப அடிக்கிறவனைப் போய்க் கேளேன், ஏன்டா வெறும் மணியை அடிச்சு மனுஷனை ஏமாத்துறேன்னு.”

“யாரு அடிக்கிறாங்கன்னு தெரிஞ்சாத்தானே கேக்கலாம்,” என்றார் அவர்.

சமையலறையில் டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டது. “என்னம்மா, கை நடுங்குதா? நேரத்துக்குச் சாப்பிடு,” என்று அங்கிருந்தே ஒரு உபதேசம் வந்தது. “சரிக்கா,” என்று சொல்லிக்கொண்டு அவள் குனிந்து டம்ளரைத் தேடினாள்.

திங்கட்கிழமை அவள் முதலாளியிடம் கேட்டு ஒரு அசல் பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவர் குளிக்கப் போனார். மாவுக்கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அது நனையாமல் குளித்து முடிப்பதற்குள் ஒரு யுகம் ஆகும். அவள் நகல் டிஸ்க்கை உருவிவிட்டு அசலைச் செருகினாள். அணைக்காமல், விளையாட்டு ஓடும்போதே. அடுத்த தடவை மூலையைத் தொட்டுப் பார்க்கும்போது காயம் கையில் படும் அல்லவா?

கொஞ்ச நேரத்தில் டிஸ்க் செருகும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. விளையாட்டு போய்த் தொட்டது. காயம் இருந்தது. விளக்கு அணைந்தது. பனி அப்படியே நின்றது.

ஒரு தடவை சந்தேகம் வந்தா வந்ததுதான் சார். அவள் எழுதிய வரி அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒரு நப்பாசை. எழுதியவளுக்காவது இரங்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

அவள் எழுந்துபோகவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் நிறுத்திவிட்டுப் போன இடத்திலிருந்து நடந்தாள். ஆபீசில் பூட்டைச் சோதித்தபோது பனி வருகிறதா, கதவு மூடுகிறதா என்று பார்த்துவிட்டு உடனே அணைத்துவிடுவாள். உள்ளே தங்கியதில்லை. இப்போதுதான் தங்கினாள்.

காலடிச் சத்தம் பஞ்சில் நடப்பதுபோல் கேட்டது. தெரு முன்னைவிட நீளமாக இருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் மஞ்சள் வெளிச்சம், ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒரு நிழல். தட்டினால் நிழல் நின்று கேட்டுவிட்டு, உள் அறைக்குப் போகும். யாரோ ஒருவர் எதிரே வந்தார், தலையை ஆட்டினார், போனார். ரொட்டிக்கடைக்காரி தலையை ஆட்டினாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. யார் முகத்திலும் சுளிப்பில்லை. படகுத்துறையில் பலகை நனைந்து கிடந்தது. ஆறு இருக்கும் இடத்தில் வெறும் வெண்மை. அந்த வெண்மைக்குள் எங்கேயோ மணி அடித்தது. இசைக்காரப் பெண் ஒரு பாத்திர மூடியைக் கரண்டியால் தட்டிப் பதிவு செய்த சத்தம் அது, அவள் பக்கத்திலேயே இருந்து கேட்டதுதான். ஆனாலும் அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். வருமோ?

குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்தாள். நகலை மறுபடி செருகிவிட்டு அசலைப் பைக்குள் தள்ளினாள். கையும் களவுமாக அகப்பட்டவள் மாதிரி இருந்தது.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு நகரத்தின் பெரிய கம்பெனி ஒன்று அவளைத் தேடி வீட்டுக்குப் போன் செய்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் பதில் சொன்னால் வேலை அவளுக்கு. போனை எடுத்தவர் அவர். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, “அட, சொல்லவே மறந்துட்டேன், உனக்கு ஒரு போன் வந்துச்சு,” என்றார். அவள் கூப்பிட்டபோது அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

“பரவாயில்லை,” என்றாள் அவரிடம்.

பரவாயில்லை என்று சொன்னாளே தவிர, மனசுக்குள் ஒரு மூலையைத் தொட்டுப் பார்த்து முடிவு கட்டிவிட்டாள். மறந்தாரா, மறைத்தாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டையும் போடவில்லை. முதலில் ஆபீஸ் கதைகளை அவரிடம் சொல்வது நின்றது. அப்புறம் சேர்ந்து சாப்பிடுவது நின்றது. அப்புறம் சிரிப்பு. அவர் நாலைந்து தடவை, “என் மேல ஏதாவது கோவமா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லையே,” என்றாள். நம் வீடுகளில் இந்த ஒண்ணுமில்லையே சாத்தியிருக்கும் கதவுகளை எண்ணி முடியாது. சோறு நேரத்துக்கு வந்தது, சட்டை மடித்து வைக்கப்பட்டது, கேட்டதற்குப் பதில் வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், எவ்வளவு அமைதியான குடும்பம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் போன் அடித்தது. பக்கத்தில் யாருமில்லை என்று அவளே எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு அம்மாள். கடையில் பெட்டியாக வாங்கியவர். கொஞ்சம் வயசான குரல்.

“ஊர்ல பனியா இருக்கும்மா. ரொம்ப நாளா. யாரும் என்கிட்ட பேச மாட்டேங்கிறாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொன்னா மாத்திக்குவேன்.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. தூசி. முதலாளி சொன்ன அதே தூசி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“நீங்க ஒரு தப்பும் செய்யலம்மா. டிஸ்க் போடுற இடத்தை நல்லா துடைச்சிட்டு, அணைச்சிட்டு, முதல்லேருந்து ஆரம்பிங்க.”

“அப்ப இத்தனை நாள் அங்க நடந்ததெல்லாம்?”

“போயிடும்மா.”

“ஓ,” என்றது குரல். “நான் ஒரு தப்பும் செய்யலைன்னா, ஏன்மா ஒருத்தர்கூட வந்து என்னன்னு கேக்கல?”

அவள் என்னவோ சொல்லிச் சமாளித்துப் போனை வைத்தாள். கை போனிலேயே இருந்தது. கீழே டயர் கடையில் யாரோ காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மனசுக்குள் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வி எழுந்தது. அன்றைக்கு அவருக்கும் வெறும் தூசிதானோ? உண்மையிலேயே மறந்துதான் போனாரோ? மறந்தவரையா நான் இத்தனை நாள் துறையில் நிறுத்தி வைத்திருக்கிறேன்? அவளுக்கு அழுகை வந்தது. கேட்டுவிட வேண்டும். ஆனால் கேட்டு, அவர் வேறு பதில் சொல்லிவிட்டால் இந்த வீடு மிஞ்சுமா என்று பயமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தெருவில் சத்தமில்லை. ஜன்னல் திரை லேசாக உப்பி உப்பித் தணிந்தது. அவர் வழக்கம்போல் படகுத்துறைப் பலகையில் தன் சின்ன மனிதனை உட்கார வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அந்தச் சாம்பல் வெளிச்சம் திரையை விட்டு வழிந்து கூடம் முழுக்க நிறைந்துவிட்டாற்போல் இருந்தது. அவள் அதற்குள் நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றாள்.

“படகு வராதுங்க.”

“வரும். பொறுமை வேணும்.”

“வராது. அது நகல். அவசரத்துல நான்தான் தப்பான டிஸ்க்கை எடுத்துட்டு வந்துட்டேன். நகல்ல படகு கிடையாது. நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்தது அவருக்கு. “அப்ப இந்தப் பனி?”

“நான் வெச்சது.”

“நீலக் கதவு?”

“அதுவும்.”

“ரொட்டிக்கடைக்காரி?”

“எல்லாமே.”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. “அப்ப நான் எதையும் மறக்கல?”

“இல்ல.”

“நீ இன்ன தப்பு செஞ்சேன்னு எங்கயாவது ஒரு வார்த்தை சொல்லுமா அது?”

“சொல்லாது.”

“ஏன்?”

“சொன்னா...” பூட்டை உடைத்துவிடுவார்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆபீசில் எத்தனையோ தடவை சொன்ன பதில் அது. “சொன்னா சரி பண்ணிடுவாங்க,” என்று வந்தது.

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எனக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கணும். ரெண்டு வருஷமா இந்த ஊர்லதானே குடியிருக்கேன்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரி சொன்னார். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு எனக்கு வந்த போன். நீங்க மறந்தீங்களா, மறைச்சீங்களா?”

மறந்தேன் என்று சொல்லட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், நம்பிவிடுவாள், காலில் விழுந்துகூட மன்னிப்புக் கேட்பாள். அவள் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. அவரும் அதைப் படித்தார்.

“மறைச்சேன்,” என்றார்.

மணி அடித்தது.

“நீ போயிடுவேன்னு பயம். மறுநாள் சொல்லிடணும்னுதான் வந்தேன், நீ தூங்கிட்டிருந்தே. எழுப்பியிருக்கலாம். எழுப்பல. அதுக்கடுத்த நாள் வெக்கமாப் போச்சு. மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். நீ பரவாயில்லைன்னு சொன்ன பாரு, அன்னையிலேருந்து நான் தூங்கல.”

அவளுக்குள் எங்கிருந்தோ ஒரு சத்தம் கிளம்பியது. அது தன் குரல்தான் என்று தெரிந்துகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எனக்கு வந்த போனு! எனக்கு! அதை மறைக்க நீ யாரு? போறேன்னு நான் சொன்னேனா? போவியான்னு கேட்டியா நீ? ரெண்டு பேரும் போகலாம்னு சொல்லியிருப்பேனே! அந்த ஊர்ல லிஃப்ட்டே இல்லையா, உனக்கு வேலை கிடைக்காதா? நான் எவ்வளவு படிச்சேன், எவ்வளவு ஆசைப்பட்டேன், உனக்குத் தெரியும்தானே? தெரிஞ்சும் எப்படி மனசு வந்துச்சு? சொல்லு! எப்படி வந்துச்சு?”

கல்யாணமான நாளிலிருந்து ‘நீங்க’ தவிர வேறு வராத வாய் அது. கீழ்வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லத் திறந்தது. அவளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. சுவரிலிருந்து பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினாள். ஊரும் பனியும் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் போயிற்று. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே மேலும் திட்டினாள். அந்த வேலையைப் பற்றி, அந்த மூன்று நாளைப் பற்றி, தனியாகச் சாப்பிட்ட சாப்பாடுகளைப் பற்றி, ஒண்ணுமில்லை என்றால் ஒண்ணுமில்லை என்று நம்பிவிடும் ஆண்களைப் பற்றி. மூச்சு வாங்கியது. கண்ணும் மூக்கும் ஒழுகின.

அவர் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. ஈரமான கண்ணோடு அவள் முகத்தையே, ரொம்ப நாள் கழித்து ஊர் திரும்பியவரைப் பார்ப்பதுபோல, பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு. நிறைய இருக்கு.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் எழுந்தார். தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

“உட்கார்ந்து சொல்லு,” என்றார்.